சிங்கப்பூர் வீடு சும்மா இல்ல
தம்பி, சிங்கப்பூரில அரசாங்கம் சனத்துக்கு வீடு சும்மா குடுக்குது எண்டு ஒரு பதிவு போட்டிருக்கிறீங்கள், அது அப்பிடி இல்ல. வீவக எண்டுற அரசாங்க வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின்ட ஃப்ளாட்ட காசு குடுத்துத்தான் வாங்கோணும், அதுவும் பொதுவா 99 வருசக் குத்தகை, நிலம் அரசாங்கத்தின்டதான், நம்மட ஆக்கள் திருகோணமலை உவர்மலையில காணி உறுதிய அலுமாரிக்குள்ள பூட்டி வச்சு பேரப்பிள்ளைக்கு எழுதுற கதை அங்க இல்ல. விலை குறையிறதுக்கு மானியம் ஒரு காரணம், 1966ல வந்த காணி சுவீகரிப்புச் சட்டத்தால அரசு மலிவா எடுத்துச் சேத்த நிலம் இன்னொண்டு. நம்பேலாட்டி சிங்கப்பூர் அரசின்ட தரவுத் தளத்தில மறுவிற்பனை விலைப் பட்டியல டவுன்லோட் பண்ணிப் பாருங்கோ, ஒவ்வொரு வீட்டுக்கும் மிச்சக் குத்தகை எண்டு ஒரு கொலம் கிடக்கு. குத்தகை 1980ல தொடங்கினதெண்டா 2079ஓட முடிஞ்சிடும்.