சுவரில் ஒட்டிய குடும்பம்

யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் ஒரு மாடிக் கந்தோரில் இரண்டு வருடம் வேலை பார்த்தேன். உள்ளே நுழைந்ததும் எதிர்ச் சுவரில் நீல எழுத்தில் ஐந்து விழுமியங்கள். முதலாவது, 'நாங்கள் ஒரு குடும்பம்'. மூன்றாவது, 'வெளிப்படைத்தன்மை'. என் நியமனக் கடிதத்தின் ஏழாவது பந்தியோ, சம்பளத்தைப் பற்றிச் சக ஊழியரிடம் பேசினால் ஒழுக்காற்று நடவடிக்கை என்றது. இரண்டையும் ஒரே நாளில்தான் வாசித்தேன். ஒன்றும் உறுத்தவில்லை. 24 வயது, முதல் வேலை, குளிரூட்டி, இலவசக் கோப்பி.

விழுமியம் எழுதுவது ஒன்றும் புதிய வியாதி அல்ல. அமெரிக்காவின் என்ரான் நிறுவனம் 2000ஆம் ஆண்டறிக்கையில் மரியாதை, நேர்மை, தொடர்பாடல், உன்னதம் என்று நான்கை அச்சிட்டது. 2001 டிசம்பரில் கணக்கு மோசடி அம்பலமாகித் திவாலானது. ஊபர் ஒருவகையில் பரவாயில்லை. அதன் பழைய 14 விழுமியங்களில் ஒன்று, அடுத்தவர் காலை மிதிக்கத் தயங்காதே என்பது. அதையாவது எழுதியபடி கடைப்பிடித்தார்கள்!

ஆனால் யாழ்ப்பாணத்து ஸ்டார்ட்அப்பில் இந்தக் 'குடும்பம்' சுவரோடு நிற்பதில்லை, வாய்க்குள் வந்துவிடுகிறது. முதல் நாளே முதலாளியை 'அண்ணா' என்கிறோம். அவர் 'தம்பி' என்கிறார். அதற்குப் பிறகு காசு கேட்க நா எழுமா? கனடா வாடிக்கையாளருக்கு அப்போதுதான் மத்தியானம், நமக்கு இரவு பத்தரை. "தம்பி, இதை மட்டும் பார்த்துவிட்டுப் போ" என்பார். பார்ப்போம். கடைசி பஸ் போயிருக்கும். அண்ணாவே காரில் ஏற்றி, வழியில் கொத்து ரொட்டி வாங்கித் தந்து, வீட்டுப் படலையில் இறக்கிவிடுவார். அம்மாவுக்கு அவர் தெய்வம். மேலதிக நேரக் கொடுப்பனவு அந்தக் கொத்து ரொட்டியோடு கழிந்துவிடும்.

பதினான்காம் மாதம், ஓய்வுகாலச் சேமிப்பான ஊழியர் சேமலாப நிதிக் (EPF) கணக்கை விசாரித்தேன். சம்பளத் துண்டில் மாதாமாதம் 8 வீதம் கழித்திருந்தார்கள். என் பெயரில் ஒரு சதம் கட்டப்படவில்லை. இலங்கையின் 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி என் 8 வீதத்தோடு நிறுவனம் 12 வீதம் சேர்த்துக் கட்ட வேண்டும்; வேறொரு சட்டப்படி ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு (ETF) இன்னும் 3 வீதம். தகுதிகாண் காலம் என்று அதற்கு விலக்குக் கிடையாது. அண்ணாவிடம் கேட்டேன். அவர் முகம் வாடிவிட்டது. கோபம் இல்லை, உண்மையான மனவருத்தம். "முதலீடு வரட்டும் தம்பி. வீட்டுக்குள் இப்படியா கணக்குப் பார்ப்பது?" என்றார். அவர் மனதைப் புண்படுத்திவிட்டேனே என்று அன்றிரவு நான்தான் தூங்கவில்லை.

என் அப்பா கஸ்தூரியார் வீதியில் ஒரு கடையில் கணக்கெழுதியவர். அந்த முதலாளி எரிந்து விழுவார். சுவரில் லட்சுமி படமும் நாட்காட்டியும்தான். அப்பா அவரை ஒருநாளும் அண்ணா என்றதில்லை. 55 வயதில் சேமலாப நிதியை எடுத்தபோது ஒரு மாதமும் விடுபட்டிருக்கவில்லை.

இப்போது வேறிடத்தில் என் கீழ் நான்கு பேர். போன வாரம் புதிதாகச் சேர்ந்த பிள்ளையிடம், "தங்கச்சி, இதை மட்டும் முடித்துவிட்டுப் போங்கள்" என்று என் வாயாலேயே சொன்னேன். இரவு எட்டே கால் ஆனது. மறுநாள் மேலதிக நேரப் படிவத்தை நீட்டியபோது அவள் கூச்சத்தோடு தள்ளினாள்.

"இதற்கெல்லாம் எதற்கு அண்ணா?"

கையெழுத்து வாங்கும்வரை அவள் மேசையடியிலேயே நின்றேன்.