கதை இருக்கிறது, சொன்னவர் எங்கே?

நாட்டார் கதைத் தொகுப்பு எதையாவது வாங்கினால் முதலில் கடைசிப் பக்கங்களைப் புரட்டுங்கள். சொன்னவர் பெயர், ஊர், வயது, தொழில், சொன்ன நாள் எல்லாம் இருக்கின்றனவா? பல தொகுப்புகளில் "கிராமத்துப் பாட்டி ஒருவர்" என்பதோடு சரி. தொகுத்தவர் பெயர் மட்டும் அட்டையில் பெரிதாக இருக்கும். வெள்ளைக்காரன் காலத்தில் வேரூன்றிய இந்தப் பழக்கத்தை நாம் இன்னும் விடவில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

மிர்சாபூரில் கலெக்டராக இருந்த வில்லியம் குரூக் 1890களில் வட இந்தியக் கதைகளைக் குவித்தார். அவற்றைக் கேட்டு எழுதியதிலும் ஆங்கிலத்தில் பெயர்த்ததிலும் பெரும்பங்கு பண்டித ராம் கரீப் சௌபேயுடையது. நூறு ஆண்டுகள் அந்த உழைப்பு குரூக்கின் கணக்கிலேயே இருந்தது. லண்டன் ஃபோக்லோர் சொசைட்டியில் கிடந்த கையெழுத்துப் படிகளைத் தேடியெடுத்து நாட்டாரியல் ஆய்வாளர் சாதனா நைதானி 2006இல் நூலாக்கிய பிறகே சௌபேயின் பங்கு பரவலாகத் தெரிந்தது.

அந்தக் காலத்தில் அப்படித்தான் செய்ய முடியும் என்பவர்கள், பம்பாய் கவர்னராக இருந்தவரின் மகள் மேரி ஃப்ரியர் 1868இல் வெளியிட்ட கதைத் தொகுப்பைப் பார்க்க வேண்டும். கதைகளைச் சொன்னவர் அவருடைய ஆயா அன்னா லிபரேட்டா டி சூசா. குடும்பம் கள்ளிக்கோட்டையிலிருந்து கோவாப் பக்கம் போனது, தாத்தா கிறிஸ்தவரானது, பாட்டியிடம் கதை கேட்டது என்று அன்னாவின் வாழ்க்கை அவர் சொன்னபடியே முன்பகுதியில் இருக்கிறது. அந்தச் சில பக்கங்கள் இருப்பதால்தான் கதைகள் நடந்து வந்த வழியை இன்று ஆராய முடிகிறது.

சென்னையில் சார்லஸ் கோவர் 1871இல் வெளியிட்ட தென்னிந்திய நாட்டுப்பாடல் தொகுப்பில் திருக்குறளும் இருக்கிறது. எது நாட்டுப்பாடல் என்பதைத் தொகுப்பவரே முடிவுசெய்தால் இப்படித்தான் ஆகும். தாலாட்டு, ஒப்பாரி, கும்மி, தெம்மாங்கு என்று பாடுகிறவர்களே வகை பிரித்துப் பெயர் வைத்திருக்கிறார்கள். அந்தப் பெயரையே குறித்துக்கொள்ளுங்கள்.

இப்போது களத்துக்குப் போகிறவர்களுக்கு. பதிவு தொடங்கியதும் தேதி, ஊர், சொல்பவர், உடனிருப்பவர்கள் யார் யார் என்று உங்கள் வாயாலேயே சொல்லிவிடுங்கள். நோட்டு தொலையும், கோப்பின் பெயர் மாறும். ஒலிக்குள் சொன்னது அங்கேயே இருக்கும். கருவியின் பதிவு அமைப்பில் வேவ் (WAV, ஒலியைச் சுருக்காத கோப்பு) வடிவம், 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் வையுங்கள். ஒரு மணி நேர ஸ்டீரியோ ஏறத்தாழ 1 ஜிபி பிடிக்கும். ஒலியளவைக் கருவியே கூட்டிக் குறைக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் பாடுபவர் மூச்சு வாங்கும் இடத்தில் மின்விசிறி இரையும், குரல் ஏறும் இடம் அமுங்கும். வாட்ஸ்அப்பில் வந்த பிரதியை ஒருநாளும் மூலமாக வைக்காதீர்கள்.

கருவியைவிடப் பெரிய சிக்கல் கேட்கிற ஆள். "ம்" கொட்ட ஒருவர் இல்லாவிட்டால் கதை பாதியாகச் சுருங்கும். மைக்கை நீட்டிக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருப்பவரிடம் பாட்டி கதைச்சுருக்கம்தான் சொல்வார். அதனால் பேரப்பிள்ளைகளை உட்கார வையுங்கள். ஒப்பாரியை வீட்டுக்குள் பாடச் சொல்லாதீர்கள். சாவு விழாத வீட்டில் பாடினால் ஆகாது என்று பெண்கள் தயங்குவார்கள், வற்புறுத்தினால் நாலு அடியோடு முடித்துக்கொள்வார்கள். தோப்போ வயலோ, அவர்கள் சொல்லும் இடத்துக்குப் போங்கள். வில்லுப்பாட்டைக் கொடைவிழா நடக்கும் கோயிலில் போய்க் கேளுங்கள். சாமி இறங்கும் கட்டத்தை ஒரு அறைக்குள் காசு கொடுத்துப் பாடவைத்துப் பதிவுசெய்ய முடியாது.

எழுத்தில் இறக்க, ஒரு மணி நேரப் பதிவுக்கு ஆறேழு மணி நேரமாவது ஒதுக்க வேண்டும். "வாராக" என்றால் "வாராக"தான். "வருகிறார்கள்" என்று திருத்தினால் வட்டாரமே போய்விடும். திரும்பத் திரும்ப வரும் அடிகளையும் வெட்டக் கூடாது. பாடுபவர் அடுத்த அடியை நினைவுக்குக் கொண்டுவருவது அந்த இடத்தில்தான்.

அனுமதி என்று ஒரு தாளில் கைநாட்டு வாங்கினால் போதாது. புத்தகத்தில் போடலாமா, யூடியூபில் போடலாமா, பெயர் போடலாமா என்று தனித்தனியாகக் கேட்டு, பதிலையும் பதிவு செய்யுங்கள். கொலையுண்டு தெய்வமானவர்களின் கதைகளில் கொன்றவர் வழியினர் அதே ஊரில் இருக்கக்கூடும். அப்படிப்பட்ட கதைக்குச் சொன்னவர் பெயர் வேண்டாம் என்றால் அச்சில் மறைத்து, மூலப் பதிவில் மட்டும் வைத்திருங்கள். மறைத்ததைக் குறிப்பிட்டே அச்சிடுங்கள்.

பிரதியைத் திருப்பிக் கொடுக்கும்போது பென்டிரைவை நீட்டிவிட்டு வந்துவிடாதீர்கள். அதைப் போட்டுக் கேட்க அந்த வீட்டில் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் பேரன் போனில் ஏற்றிக் கொடுத்து, பாட்டியின் முன்னால் ஒருமுறை ஓடவிட்டுப் பாருங்கள். விட்டுப்போன அடிகளை அப்போதுதான் எடுத்துச் சொல்வார். ரெக்கார்டரும் கையில் இருக்கட்டும்.