அந்த 350 வேகாத அரிசியோட கணக்கு

தண்டையார்பேட்டை சகோ, “தராசுல 100 கிராம் சாதம் வெச்சா 350 கலோரி, தட்டுல 300 கிராம் போட்டா ஆயிரத்தைத் தாண்டிடும், சோத்தையே விட்டுடுங்க”ன்னு எழுதியிருக்கீங்க. இது தப்பு. 350ங்கிறது வேகாத அரிசிக்கு. வேகும்போது அரிசி தண்ணியை இழுத்து ரெண்டரை, மூணு மடங்கு கனமாகுது. தண்ணிக்கு ஏது கலோரி? வெந்த சாதம் 100 கிராமுக்குச் சுமார் 130தான். உங்க தட்டு 400 பக்கம் நிக்கும்.

குழைஞ்ச சோறுன்னா இன்னும் குறையும். சரியா வேணும்னா அரிசியைக் களையுறதுக்கு முன்னாடியே எடை போடுங்க, காலி குக்கரோட எடையையும் குறிச்சுக்கங்க. வெந்ததும் குக்கரோட எடை போட்டு அதைக் கழிச்சா சோத்தோட எடை கிடைக்கும். 300 கிராம் அரிசி 840 கிராம் சோறாச்சுன்னா, உங்க தட்டுல விழுந்த 280 கிராம் சோறு 100 கிராம் அரிசிக்குச் சமம்.

சுகர் மாத்திரை போடுற பெரியவங்க உங்க கணக்கை நம்பி திடீர்னு சோத்தை நிறுத்தினா, சர்க்கரை இறங்கி மயக்கமே வரலாம். தயவுசெஞ்சு அந்தப் பதிவைத் திருத்துங்க.

காசிமேட்டு சங்கரா மீனைத் தலையும் முள்ளுமா எடை போட்டு எழுதுறதும் சரியில்ல, சாப்பிட்ட சதைதான் கணக்கு. நிஜமா கவனிக்க வேண்டியது எண்ணெய், கிராமுக்கு 9 கலோரி. பாட்டிலைத் தராசுல வெச்சு, எடையை பூஜ்யமாக்குற ‘டேர்’ பட்டனை அழுத்துங்க. கடாய்ல ஊத்திட்டுத் திரும்ப வெச்சா மைனஸ்ல ஒரு எண் காட்டும். ஊத்தினது அவ்வளவுதான்.