கவனம் என்று நீங்கள் பாராட்டுவது என் நோயை

மேட்டூர் திறக்கப்போகிறார்கள் என்று பேச்சு வந்தாலே தஞ்சாவூர்ப் பக்கம் நகைக்கடன் கவுண்ட்டர்களில் கூட்டம் சேர்ந்துவிடும். ஜூன் 12க்கே தண்ணீர் விட்டாலும் தள்ளிப்போனாலும், குறுவைக்கு உழவுக்கூலி, விதை, உரம் எல்லாவற்றுக்கும் முதல் பணம் வீட்டுப் பெண்களின் கழுத்திலிருந்தும் காதிலிருந்தும்தான் வரவேண்டும். அப்படியொரு கவுண்ட்டரில் வேலை பார்க்கிறேன். எனக்கு ஓசிடி இருக்கிறது. எண்ணச் சுழற்சி நோய் என்பார்கள். இந்த சீசனிலும் சரிபார்க்கும் வேலை முழுவதையும் என் தலையில் கட்டியிருக்கிறார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

மதிப்பீட்டாளர் எடை போட்டுக் கொடுத்ததும் நகையைப் பொட்டலம் கட்டி, சீட்டு ஒட்டி, அரக்கு முத்திரை வைத்துப் பெட்டகத்தில் வைக்கவேண்டும். வைத்துப் பூட்டியாகிவிட்டது. என் கண்ணே பார்த்தது. ஆனாலும் சீட்டில் வந்து உட்கார்ந்ததும் மனசு ஆரம்பிக்கும். அந்த ஜிமிக்கியில் ஒன்று உன் புடவை மடிப்பில் விழுந்திருந்தால்? அப்புறம் இன்னும் மோசமாக, நீயே எடுத்துப் பையில் போட்டிருந்தால்? போடவில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் அந்தப் பதைப்பு அடங்காது, இந்த நோயின் கொடுமையே அதுதான். பையைத் திறப்பேன். டிபன் பாக்ஸை வெளியே எடுத்து, மூடியைத் திறந்து, ரசம் சாதத்தை ஸ்பூனால் அடிவரை கிளறிப் பார்ப்பேன். மூடி வைத்துவிட்டு, ஓரத்தைச் சரியாகப் பார்த்தேனா என்று மறுபடியும் திறப்பேன்.

பார்க்கிறவர்களுக்கு இது எப்படித் தெரியும்? நகைப் பிரிவில் இருக்கிற ஒருத்தி அடிக்கடி தன் பையைத் திருட்டுத்தனமாகத் திறந்து பார்க்கிறாள். யாரோ போய்ச் சொல்ல, ஒருநாள் எல்லார் முன்னாலும் என் பையைக் கொட்டிக் காட்டச் சொன்னார்கள். ஒன்றும் இல்லை என்றானதும், "தப்பா எடுத்துக்காதம்மா" என்று மேனேஜர் எழுந்து போய்விட்டார். நான் எப்படி சார் எடுத்துக்கொள்வது? தன் கையால் அடுத்தவருக்கு ஒரு கெடுதல் வந்துவிடக்கூடாதே என்று உயிர் பதறுகிறவர்களை, அந்த இடத்திலேயே பிடித்து ஆட்டுகிற நோய் இது.

பாராட்டுதான் இதைவிட வலிக்கிறது. "அவங்ககிட்ட கொடுங்க, கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுப் பார்ப்பாங்க" என்று மற்றவர்களின் பேரேடும் என் மேஜைக்கு வரும். இரட்டைப் பூட்டில் ஒரு சாவி என்னிடம், இன்னொன்று மேனேஜரிடம். நான் மறுபடி ஒரு பொட்டலத்தைப் பார்க்கவேண்டும் என்றால் அவரும் எழுந்து வரவேண்டும். சாயந்திரம் அதே வாய், "இன்னுமா முடியல?" என்று கேட்கும். குடியை விடப் போராடுகிறவரைச் சாராயக்கடைக் கல்லாவில் உட்கார வைப்பது மாதிரி, சரிபார்ப்பதே நோயாக இருக்கிறவளிடம் சரிபார்க்கிற வேலையைக் குவிக்கிறார்கள்.

முதலில் அம்மா என்னை, மனநோய் தீரும் என்று நம்பிப் பலரும் போகிற குணசீலம் பெருமாள் கோவிலுக்குக் கூட்டிப்போனார். அம்மாவின் நம்பிக்கையை நான் குறை சொல்லமாட்டேன், சந்நிதியில் நின்ற நேரம் மனசு லேசாகத்தான் இருந்தது. ஆனால் என்னை வேலைக்குப் போகிற நிலைக்குக் கொண்டுவந்தது மனநல மருத்துவம். மாத்திரை பலன் தர இரண்டு மூன்று மாதம்கூட ஆகலாம், மனச்சோர்வுக்குக் கொடுப்பதைவிட அதிக அளவும் பலருக்குத் தேவைப்படும். கூடவே ஈஆர்பி என்று ஒரு பயிற்சி. பயத்தை வரவிடவேண்டும், ஆனால் சரிபார்க்கக்கூடாது. பயம் ஏறும், பெரும்பாலும் தானாக இறங்கும். இறங்காத நாளில் அதையும் வைத்துக்கொண்டே அடுத்த டோக்கனைக் கூப்பிடவேண்டும். பையைத் திறக்காமல் கவுண்ட்டரில் உட்கார்ந்திருப்பதே அப்போது எனக்குப் பெரிய வேலை. அது எந்தப் பதிவேட்டிலும் ஏறாது.

பக்கத்து சீட்டுப் பெண் ரொம்ப நல்லவள். "வச்சுட்டீங்கக்கா, நான் பார்த்தேன்" என்று கேட்கும்போதெல்லாம் சொல்வாள். அந்த ஆறுதலும் நோய்க்குத் தீனிதான், கொஞ்ச நேரத்தில் இன்னொரு முறை கேட்கத் தோன்றும். விஷயத்தைச் சொன்னபிறகு அவள் மாறிவிட்டாள். இப்போது கேட்டால், "டாக்டர் சொன்னதை நினைச்சுக்கோங்கக்கா" என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கிறாள். எனக்கு அந்த அலுவலகத்தில் கிடைத்த பெரிய உதவி அதுதான்.

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் சொல்லியிருக்கிற 21 வகைகளில் மனநோயும் ஒன்று. நான் சலுகை கேட்கவில்லை. ஒரு பொட்டலத்தை நான் ஒருமுறை பார்த்தால் போதும், இரண்டாவது கையெழுத்து வேறொருவர் போடட்டும். மற்றவர்களின் பேரேடு என்னிடம் வரவேண்டாம். சிகிச்சைக்குப் போகிற நாளில் ஒரு மணி நேரம் முன்னால் விடுங்கள். இவ்வளவையும் எழுத்தில் கொடுத்திருக்கிறேன். குறுவைக் கூட்டம் தொடங்குவதற்குள் எனக்குப் பதில் வேண்டும்.