பிடிக்கவில்லை என்றுதான் சொன்னேன்

என்ன நடந்தது என்று இந்நேரம் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பிட்ட சோம்பலில் ஆறு வரிப் பதிவு ஒன்று எழுதினேன். அமெரிக்க ராப் பாடகர் கெண்ட்ரிக் லாமரின் 'டு பிம்ப் எ பட்டர்ஃப்ளை' ஆல்பம் எனக்கு வீட்டுப்பாடம் செய்வதுபோல் இருக்கிறது என்றேன். 'சின்னர்ஸ்' என்ற ஹாலிவுட் படம் ரத்தக்காட்டேரிகள் வந்த பிறகு அலுத்துவிட்டது என்றேன். திங்கட்கிழமை காலையில் பார்த்தால் அது ஸ்கிரீன்ஷாட்டாகி ஊர் சுற்றிக்கொண்டிருக்கிறது. மேலே தலைப்பு வேறு: "ஒரு அம்மணியின் ஹிப்ஹாப் ஆராய்ச்சி."

ஆராய்ச்சியாம்! எனக்குப் பிடிக்கவில்லை என்றுதான் சொன்னேன். மோசம் என்று சொல்லவில்லை. கத்திரிக்காய் பிடிக்காது என்று சொன்னவளிடம், விவசாயிகளை எப்படி இழிவுபடுத்தலாம் என்று சண்டைக்கு வருகிறீர்கள்.

"ஆங்கிலமே தெரியாதவர்களெல்லாம் ராப்பைப் பற்றிப் பேச வந்துவிட்டார்கள்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அதற்கு 42 பேர் சிரித்திருக்கிறார்கள். எண்ணிப் பார்த்தேன். எண்ணியிருக்கக் கூடாது.

ஆமாம், நான் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்தவள். 2006-இல் மலேசியாவில் வேலை பார்த்த மாமா மகன், யோகி பி - நட்சத்ரா என்ற தமிழ் ராப் குழுவின் 'வல்லவன்' சிடியைக் கொண்டுவந்து கொடுத்தான். இளையராஜாவின் 'மடை திறந்து' பாட்டை அவர்கள் எடுத்துக் கையாண்டிருந்த விதத்தில் கிறங்கிப்போய், இது எங்கிருந்து வந்த கலை என்று தேடித்தான் நியூயார்க் ராப் பாடகர் நாஸின் 'இல்மாட்டிக்' ஆல்பத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். 1994-இல் வந்தது. பத்தே தடங்கள், நாற்பது நிமிடம்கூட இல்லை. அது வெளியானபோது பையனுக்கு வயது இருபது. எனக்குக் கேட்டதில் ஒரு வார்த்தை புரியவில்லை.

கரூர் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு பிரவுசிங் சென்டர் இருந்தது. அங்கே பாடல் வரிகளைத் தேடி எடுத்து அச்சடிக்கச் சொன்னேன். பக்கத்துக்கு மூன்று ரூபாய். இயந்திரத்திலிருந்து வெளியே வந்த முதல் தாளைக் கடை அண்ணன் வாசித்தார். முகம் மாறியது. தாள்களை எழுத்து உள்பக்கம் இருக்கும்படி மடித்து, என்னைப் பார்க்காமலே நீட்டினார். "காலேஜ் பிராஜெக்டா?" என்றார். ஆமாம் அண்ணா என்றேன். நாஸ் வளர்ந்த குவீன்ஸ்பிரிட்ஜ் போன்ற அரசுக் குடியிருப்புகளை அமெரிக்காவில் 'பிராஜெக்ட்' என்றுதான் சொல்வார்கள் என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. ஆக, அந்த அண்ணனிடம் நான் பொய் சொல்லவில்லை.

மூன்று வாரம் அகராதியோடு உட்கார்ந்தேன். பாதி வார்த்தை அதில் இல்லை. ஒருநாள் மூன்றாவது தடம் முடிகிற நேரத்தில், அடுத்த அறையில் சாய்வு நாற்காலியில் கிடந்த அப்பா எழுந்து வந்தார். "யார் இது ஊதுவது?" என்றார். பாடுகிற பையனுடைய அப்பாதான், ஒலு டாரா என்று பெயர், கார்னெட் வாசிக்கிறார் என்றேன். "மறுபடி போடு." போட்டேன். முடியும்வரை நின்று கேட்டார். பாட்டுக்கு என்ன அர்த்தம் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவருக்கு என்னைவிட ஆங்கிலம் குறைவு. அந்த 42 பேரும் அவரைப் பார்த்தும் சிரித்துக்கொள்ளலாம்.

"கறுப்பின மக்களின் வலி உங்களுக்குப் புரியாது" என்கிறார் இன்னொருவர். உண்மை. முழுதாகப் புரியாது. சொன்னவர் ஈரோட்டுக்காரர்.

"புலிட்சர் வாங்கிய ஆல்பத்தைக் குறை சொல்ல நீங்கள் யார்?" யாருமில்லை ஐயா. ஆனால் 2018-இல் புலிட்சர் பரிசு பெற்றது கெண்ட்ரிக்கின் இன்னொரு ஆல்பமான 'டேம்'. பட்டர்ஃப்ளை இல்லை. 'டேம்' எனக்கு மிகவும் பிடித்த ஆல்பம் என்பதையும் அப்படியே குறித்துக்கொள்ளுங்கள்.

பட்டர்ஃப்ளையை நான் கேட்காமல் எழுதவில்லை. 2015-இல் வந்த நாளிலிருந்து எத்தனையோ முறை ஆரம்பித்திருக்கிறேன். 79 நிமிடம், அந்த நேரத்தில் இல்மாட்டிக்கை கிட்டத்தட்ட இரண்டு முறை கேட்டுவிடலாம். ஆறாவது பாடலில் குடிபோதையில் குரல் உடைந்து தன்னையே திட்டிக்கொள்கிறாரே, அதைக் கேட்டுவிட்டுச் சமையலறையில் போய்க் கொஞ்ச நேரம் சும்மா நின்றிருக்கிறேன். மோசமான ஆல்பமாக இருந்தால் அப்படி நிற்பேனா? ஆனால் காமாசி வாஷிங்டன், தண்டர்கேட் என்று பெரிய பெரிய கலைஞர்கள் வரிசையாக வர, நடுநடுவே அதே கவிதை கொஞ்சம் கொஞ்சமாக நீண்டுகொண்டே போக, கடைசியில் இறந்துபோன ராப் பாடகர் டூபாக்கின் பழைய பேட்டியோடு உரையாடலும் வரும்போது, அடுத்து தேர்வு வைப்பாரோ என்று எனக்குத் தோன்றுகிறது. எனக்கு. சரி, இவ்வளவு தூரம் வந்துவிட்டதால் சொல்கிறேன்: அந்த ஆல்பத்தைப் புகழ்கிறவர்களில் பாதிப் பேர் கடைசிவரை கேட்டதில்லை. இதை ஞாயிற்றுக்கிழமை நான் எழுதவில்லை. இன்று எழுதுகிறேன்.

'சின்னர்ஸ்' விஷயத்துக்கு வருகிறேன். என் கோபமெல்லாம் இதில்தான். 1932, மிசிசிப்பி மாநிலத்தின் கிளார்க்ஸ்டேல். மைக்கேல் பி. ஜோர்டான் இரட்டையராக வருகிறார். பழைய மர ஆலையை ஆட்டக் கொட்டகையாக மாற்றி, சாமி என்ற பாதிரியார் மகனைப் பாட வைக்கிறார்கள். அவன் கிதாரை எடுத்துப் பாடப் பாடக் காலம் கிழிகிறது. கூட்டத்துக்குள் ஆப்பிரிக்க முரசுக்காரர்கள் வருகிறார்கள், மின்கிதார் வாசிப்பவர் வருகிறார், இசைத்தட்டைச் சுழற்றும் டிஜே வருகிறார். கூரை பற்றி எரிகிறது. திரையரங்கில் என்னையும் சேர்த்துப் பதினான்கு பேர். எனக்கு முன்னால் இருந்த பையன் பாப்கார்னை வாய்க்குக் கொண்டுபோன கையை அப்படியே நிறுத்திவிட்டான். அந்த ஒரு காட்சிக்காக மறுநாளும் டிக்கெட் எடுத்தேன். அதற்குப் பிறகு வந்த காட்டேரிகளும் துப்பாக்கிச் சண்டையும் எனக்கு வேண்டியிருக்கவில்லை.

இதைத்தான் எழுதியிருந்தேன். "அந்தக் கொட்டகைக் காட்சிக்காக இரண்டு முறை பார்த்தேன்" என்பது என் ஐந்தாவது வரி. ஆறாவது வரி, 'டேம்' பற்றியது. ஸ்கிரீன்ஷாட்டில் நான்கு வரிதான் இருக்கிறது. போய்ப் பாருங்கள். கீழ்ப்பக்கம் அழகாக வெட்டப்பட்டிருக்கிறது.

வெட்டியவர் பெயரைச் சொல்லப்போவதில்லை. எட்டு வருடத்துக்கு முன்னால் எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்தவர். மதியம் டிபன் பாக்ஸை ஓரமாகத் தள்ளிவைத்துவிட்டு, ஆளுக்கொரு இயர்போனை மாட்டிக்கொண்டு 'டேம்' கேட்டோம். "அக்கா, இந்த இடத்தில் என்ன சொல்கிறார்?" என்று நிறுத்தி நிறுத்திக் கேட்பார். தமிழ்வழியில் படித்த அக்காதான் சொல்லிக்கொடுத்தாள். அப்போது என் ஆங்கிலம் போதுமானதாக இருந்தது. வேலை மாறிப் போன பிறகும் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் அக்கா என்றுதான் கூப்பிட்டார்.

இப்போது ஒரு அம்மணி.

யாருக்கு எது பிடிக்கலாம், பிடிக்கக்கூடாது என்று முடிவுசெய்கிறவராக நீங்கள் வளர்ந்திருப்பதில் எனக்குச் சந்தோஷம்தான், தம்பி. பின்னூட்டம் போட வேண்டாம். 2019-இல் வாங்கிக்கொண்டு போன என் ஹார்டு டிஸ்க், நீல உறை போட்டது, இன்னும் உங்களிடம்தான் இருக்கிறது. பாட்டெல்லாம் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். அதில் அப்பாவின் அறுபதாம் கல்யாணப் படங்கள் ஒரு ஃபோல்டரில் இருக்கின்றன. அதை மட்டும் கூரியரில் அனுப்பிவிடுங்கள். முகவரி மாறவில்லை.