மீன்கொத்தி தனியாகப் பறக்கவில்லை தம்பி

கிங்ஃபிஷர் பீர் பற்றிய அந்த ‘பிசினஸ் பாடம்’ வீடியோவை நேற்றிலிருந்து ஆளாளுக்கு எனக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறீர்கள். போதும், பார்த்துவிட்டேன். அதன் கீழே நான் எழுதிய நாலு வரிக்கு வந்த மரியாதையையும் பார்த்தேன். “பூமர் அங்கிள், உங்களால ஒரு சோடா பிராண்டாவது ஆரம்பிக்க முடியுமா?” முடியாது தம்பி. ஆனால் எதை யார் எப்போது ஆரம்பித்தார்கள் என்று வருடம் பார்த்துச் சொல்ல முடியும்.

“கிங்ஃபிஷர், ஒரு தனி மனிதன் பூஜ்யத்திலிருந்து கட்டிய சாம்ராஜ்யம்” என்கிறார் வீடியோக்காரர். நல்ல பூஜ்யம்! அந்த பீரைக் காய்ச்சும் யுனைடெட் ப்ரூவரீஸ் 1915-ல் உருவானது. தாமஸ் லீஷ்மன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் தென்னிந்தியாவில் இருந்த ஐந்து ப்ரூவரிகளை, அதாவது பீர் காய்ச்சும் ஆலைகளை, ஒன்றாக்கினார். அதில் ஒன்று நம் நீலகிரி ப்ரூவரி. விட்டல் மல்லையா 1947-ல் அதன் முதல் இந்திய இயக்குநர் ஆனார். 1978-ல் கிங்ஃபிஷர் கடைக்கு வந்தபோதும் கம்பெனி அவர் கையில்தான். 1983-ல் அவர் இறந்த பிறகே மகன் விஜய் மல்லையா தலைவர் நாற்காலியில் உட்கார்ந்தார். அந்தப் பெயரை முன்னே தள்ளியதில் மகனுக்குப் பங்கு உண்டு, யார் இல்லை என்றார்கள்? பூஜ்யம் என்று சொல்லாதீர்கள் என்றேன். அதற்குத்தான் இத்தனை ஏச்சு.

நான் சொல்ல வந்ததே வேறு. கிங்ஃபிஷரை இவ்வளவு பெரிதாக வளர்த்தது தடை. மறுபடி சொல்கிறேன், தடை.

மது மாநிலப் பட்டியலில் உள்ள விஷயம். பீரைப் பொறுத்தவரை இந்தியா ஒரே சந்தை கிடையாது, ஒவ்வொரு மாநிலமும் தனி நாடு. உரிமம் தனி, லேபிள் பதிவு தனி, வரி தனி, விலையும் தனி. எல்லை தாண்டினால் அனுப்பும் மாநிலத்தில் ஒரு கட்டணம், இறக்கும் மாநிலத்தில் இன்னொன்று. 650 மி.லி. பாட்டில் 12 கொண்டது ஒரு கேஸ். அதில் இருப்பது 7.8 லிட்டர் சரக்கு, மிச்சமெல்லாம் கண்ணாடி. லாரி வாடகையும் இரட்டைக் கட்டணமும் சேர்ந்தால் லாபம் செக்போஸ்ட்டிலேயே இறங்கிவிடும். அதனால் விற்கிற மாநிலத்திலேயே காய்ச்ச வேண்டும். சொந்த ப்ரூவரி வேண்டும், இல்லை என்றால் ஒப்பந்தத்துக்குக் காய்ச்சித் தர ஒருவர் வேண்டும். எவ்வளவு ருசியான பீரோடு வந்தாலும் புதுசாக வருபவன் இந்தச் சுவரில் முட்டிக்கொள்வான். சுவருக்கு உள்ளே பல மாநிலங்களில் ஏற்கெனவே கொப்பரை வைத்திருந்தது யார்? 1915 கம்பெனி.

அடுத்தது விளம்பரத் தடை. மதுவை நேராகவோ சுற்றி வளைத்தோ டிவியில் காட்டக் கூடாது என்கிறது கேபிள் டிவி விதி. இது யாரை அடித்தது? பெயர் தெரியாதவனை. ஊரறிந்த பெயருக்கு இது வேலி மாதிரி. உள்ளே இருப்பவன் அதே பெயரை ஒட்டி மினரல் வாட்டர் என்றான், சோடா என்றான். 2003-ல் அதுல் கஸ்பேகர் எடுத்த படங்களோடு காலண்டர் வந்தது. 2005-ல் விமானமே வந்தது. சாமர்த்தியம்தான், கை தட்டுகிறேன். ஆனால் அந்தச் சாமர்த்தியத்துக்கு இடம் கொடுத்தது தடை.

“மற்ற கம்பெனிக்கும் அதே தடைதானே?” நியாயமான கேள்வி. உள்ளே இருந்த மற்றவர்களும் அதனால் பிழைத்தார்கள். அடுத்த கேள்வி.

“ருசி இல்லாமலா இத்தனை பேர் குடிக்கிறான்?” காலண்டரும் விளம்பரமும் அடையாளம் காட்டுவது 4.8 சதவீத ஆல்கஹால் உள்ள லாகர் வகை பீர். நாட்டில் அதிகம் ஓடுவதோ அதைவிட ஆல்கஹால் கூடிய ஸ்ட்ராங். காசுக்கு எது ஏறுகிறது என்பதுதான் கவுண்டரில் கணக்கு. நம் ஊரில் அந்தக் கணக்குகூடக் கிடையாது. 1983-ல் மொத்த வியாபாரத்துக்கு வந்த டாஸ்மாக், 2003-லிருந்து சில்லறையிலும் ஒரே கடை. “கூலிங்ல என்ன இருக்கு?” என்று கேட்டு வாங்கும் இடத்தில் பிராண்ட் மேலாண்மை பற்றி எனக்குப் பாடம் எடுக்கிறார்கள்!

இடையில் ஒருவர் “அதுல கிளிசரின் கலக்குறான், பாட்டிலைத் தண்ணியில கவிழ்த்துப் பாருங்க” என்று வந்தார். ஐயா, லாகர் நொதிக்கும்போது ஈஸ்ட்டே லிட்டருக்குச் சுமார் ஒன்றரை கிராம் கிளிசரின் உண்டாக்கும். உலகத்தில் எந்த பீரிலும் அது உண்டு. கவிழ்த்தால் எண்ணெய் மாதிரி நெளிந்து இறங்குவது, நொதிக்காமல் மிஞ்சிய மாவுச்சர்க்கரையால் பீர் தண்ணீரைவிடக் கொஞ்சம் கனம் என்பதால். தண்ணீரில் கொஞ்சம் சர்க்கரை கரைத்துக் கவிழ்த்தாலும் அதே நெளிவுதான். நீங்கள் பயப்பட வேண்டியது தேதிக்கு. வெயிலில் குடோனில் கிடந்த பீர் நனைந்த அட்டைப்பெட்டி மாதிரி ஆகிவிடும். கிளிசரினைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறவர்கள் தயாரிப்புத் தேதியைப் படிப்பதே இல்லை.

வீடியோவில் வராத ஒரு ‘மார்க்கெட்டிங்’ சொல்லவா? போட்டிக் கம்பெனிகளோடு கூடிப் பேசி 2009-லிருந்து 2018 வரை விலை வைத்தார்கள் என்று 2021 செப்டம்பரில் போட்டி ஆணையம் தீர்ப்புச் சொன்னது. யுனைடெட் ப்ரூவரீஸுக்கு மட்டும் அபராதம் சுமார் 752 கோடி ரூபாய். “இதைப் பேசினால் வளர்ச்சிக்கு எதிரி” என்பீர்கள். சரி, எதிரியாகவே இருந்துவிட்டுப் போகிறேன்.

உச்சக்கட்டக் காட்சியையும் வெட்டிவிட்டார்கள். பெயரைப் பறக்கவிடக் கிளம்பிய விமானம் 2012-ல் தரையிறங்கியது. கடன் பாக்கி நின்றது. 2016-ல் முதலாளி விஜய் மல்லையா நாட்டை விட்டுப் போனார். 2021 ஜூனில் அவர் தரப்பு யுனைடெட் ப்ரூவரீஸ் பங்குகளைக் கடன் மீட்பு அமைப்பு சுமார் 5,800 கோடிக்கு விற்றது. அதில் வாங்கியதோடு நெதர்லாந்து பீர்க் கம்பெனி ஹைனக்கனின் பங்கு 61.5 சதவீதத்தைத் தொட்டது. விமானம் வைத்த கடனுக்கு பீர்க் கம்பெனியின் பங்கு போனது. ‘தனி மனித சாம்ராஜ்யம்’ என்றால் அன்றைக்கே பிராண்டும் போயிருக்க வேண்டாமா? ஆள் போய், விமானம் போய், பீர் மட்டும் அப்படியே ஓடுகிறதே, அது ஏன் என்று ஒருத்தராவது கேட்டீர்களா? பூமர் என்று சொல்ல மட்டும் தெரிகிறது.

என்னை நம்ப வேண்டாம். பாட்டில் லேபிளின் ஓரத்தைப் படியுங்கள். எந்த ஊரில் காய்ச்சியது, எந்த மாநிலத்தில் மட்டும் விற்கலாம் என்று பொடி எழுத்தில் போட்டிருக்கும். நான் இத்தனை பத்தியாகக் கத்தியது அந்த ஒரு வரிதான்.

கமெண்ட் பெட்டியை மூடுகிறேன். கிளிசரின்காரர் இன்பாக்ஸுக்கும் வர வேண்டாம்.