அந்த முடிச்சை அவிழ்க்கவில்லை

பாம்பு கடித்தவரை ஏற்ற வரும் அம்புலன்ஸில் விஷமுறிவு ஊசி ஏன் இல்லை என்ற கோபம், மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள எங்கள் படுவான்கரையில் பலருக்கு உண்டு. இரண்டு வருடங்களுக்கு முன்வரை எனக்கும் இருந்தது.

பெரும்போக வேளாண்மை குடலைப் பருவத்தில் நின்ற ஒரு மழை இரவில், வரம்பில் தண்ணீர் பாயும் வாயான வக்கடையைப் பார்க்கப் போன மாமாவைப் புடையன் பாம்பு காலில் கடித்தது. 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அழைத்துவிட்டுக் காத்திருந்த நேரத்தில், வயல் குடிசையான வாடியில் நின்றவர்கள் சாறனைக் கிழித்து முழங்காலுக்குக் கீழே இறுக்கிக் கட்டிவிட்டார்கள். வந்திறங்கிய அவசர மருத்துவ உதவியாளர், இருபத்தைந்து வயதுகூட இராத பிள்ளை, கடித்த நேரத்தைக் கேட்டு எழுதினார். கண்ணிமை சரிகிறதா, பல் முரசில் இரத்தம் கசிகிறதா என்று டோர்ச் அடித்துப் பார்த்தார். காலை மட்டை வைத்து அசையாதபடி கட்டினார். "ஊசியப் போடுங்க தம்பி, என்ன பாத்துக்கு நிக்கிறீங்க?" என்று மாமி குழறினார். நான் முடிச்சை அவிழ்க்கக் குனிந்தபோது அந்த உதவியாளர் என் கையைப் பிடித்துத் தடுத்தார்.

அதன் காரணம் எனக்குப் பிறகுதான் விளங்கியது. இறுக்கிக் கட்டுவது பிழை, ஏனெனில் இரத்தவோட்டம் நின்று கால் அழுகவும் கூடும். ஆனால் கட்டிவிட்ட பிறகு வழியில் சட்டென்று அவிழ்த்தால், தேங்கிய விஷம் ஒரேயடியாக உடலுக்குள் பாய்ந்துவிடலாம். ஆகவே, மருந்தும் மூச்சுக்கு உதவும் கருவியும் ஆயத்தமாக இருக்கும் இடத்தில்தான் அதை அவிழ்க்க வேண்டும்.

ஊசியின் கதையும் இதுதான். கடித்த எல்லோருக்கும் விஷம் ஏறுவதில்லை. கண்ணாடிக் குழாயில் எடுத்த இரத்தத்தை 20 நிமிடம் அசைக்காமல் வைத்து, உறைகிறதா என்று பார்த்தே ஊசி தேவையா என்பதை ஆஸ்பத்திரியில் பெரும்பாலும் முடிவெடுக்கிறார்கள். இலங்கையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளரிடம் நடத்தப்பட்டு 2011 இல் வெளியான ஆய்வொன்றில், விஷமுறிவு மருந்து ஏற்றியவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு ஏதோவொரு ஒவ்வாமை ஏற்பட்டிருந்தது. முன்கூட்டியே தோலுக்கடியில் சிறிதளவு அட்ரினலின் கொடுத்தபோது கடுமையான ஒவ்வாமைகள் கணிசமாகக் குறைந்தன. இப்படிப்பட்ட மருந்தை மழையில், வரம்போரத்தில், ஓடும் வாகனத்தில் ஏற்றச் சொல்லித்தான் நாங்கள் அந்தப் பிள்ளையிடம் சண்டை பிடித்தோம். அவர் செய்யாமல் விட்டவையும் அவருடைய சிகிச்சைதான்.

2016 இல் மேல், தென் மாகாணங்களில் இந்திய நன்கொடையோடு தொடங்கிய இந்தச் சேவை நம் பக்கம் வந்து சேரச் சில வருடங்கள் எடுத்தது. மண்முனைப் பாலம் 2014 இல் திறக்கப்படுமுன் அவ்விடத்தில் பாதை எனும் மிதவைப் படகில் ஆற்றைக் கடந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். எனினும் வாகனம் வரும்வரையான அரைமணி நேரம் வாடியில் நிற்பவர்களின் கையில்தான் இருக்கிறது. கட்டாதே, வெட்டாதே, உறிஞ்சாதே, பாம்பைத் துரத்தாதே, கடிபட்டவரை நடக்க விடாதே என்ற ஐந்தையும், விதைப்புத் திகதி தீர்மானிக்கும் ஆரம்பக் கூட்டத்தில், பசளைச் சண்டைக்கு முன் பத்து நிமிடம் ஒதுக்கிச் சொல்லலாம். எங்கள் கமக்காரர் அமைப்பிடம் இம்முறை இதை எழுத்தில் கேட்டிருக்கிறேன்.